நன்றி: மாணிக்கராஜ், சாத்தூர்

சாத்தூரில் மைக் செட் மாணிக்கராஜைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் ஊருக்குப் புதுசு, இல்லையென்றால் காது மந்தம். காதுகுத்தோ கல்யாணமோ சபைக் கூட்டமோ, விடிந்ததும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, "அலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ" என்று விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் தெருவில் இருப்பவர்கள் குளிக்கப் போவார்கள். முப்பது வருசமாக இதுதான் பிழைப்பு. கடைப் பெயர் ஞானம் சவுண்ட் சர்வீஸ். ஞானம் என்பது அவர் பொண்டாட்டி ஞானபூரணி. புது மாப்பிள்ளையாக இருந்தபோது ஆசையாக வைத்த பெயர். ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டியின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்.

மனிதர் நல்லவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தைக் கேட்ட பிறகு சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவார். ஒரே ஒரு கோளாறுதான், யாராவது புகழ்ந்துவிட்டால் ஆள் காலி. "அண்ணாச்சி, உங்க செட்டுச் சத்தம் கோவில்பட்டி வரைக்கும் கேக்குதாம்ல" என்று எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்காமலேயே இன்னும் ரெண்டு குழாயைச் சேர்த்துக் கட்டிவிட்டு வருவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மிக்சரைப் போட்டால் கூடவே ரெக்கார்டையும் போட்டுவிடுவார். யாரும் கேட்டதில்லை, அது பாட்டுக்கு ஓடும். எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி, மேலே சின்னதாகப் பிளாஸ்திரி ஒட்டி, தேதி எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். எதற்கு என்று ஞானபூரணி கேட்டால், "இருக்கட்டும், என்னைக்காவது உதவும்" என்பார். உதவத்தான் செய்தது, பாவி மனுசனுக்கு.

ஒன்பது வருசத்துக்கு முந்தி, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாதத்தில், பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து. ஞானபூரணி அப்போது தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வந்து இறங்கிய பெண்களில் பொன்னுத்தங்கம் என்று ஒரு பிள்ளை, இருபத்தாறு வயசு, ஆலையில் திரி வைக்கிற வேலை. உடம்பு முழுக்க வெந்து கிடந்தவள் ஞானபூரணியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணி கேட்டாள். வாய் வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மணி நேரம் அவள் கேட்டாள். நாலு மணி நேரமும் இவள், "இந்தா, வந்துரும் தாயி" என்று சொல்லிக்கொண்டே நின்றாள், கொடுக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பிள்ளை கேட்பதை நிறுத்திக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து ஞானபூரணி வீட்டில் இருக்கிற குடம், சட்டி, டம்ளர் எல்லாவற்றிலும் தண்ணி பிடித்து வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். பிறகு ஒரு காலையில் அடுப்படியில் உட்கார்ந்து, வேறு ஒரு குரலில், "அக்கா, ஒரு வாய் தண்ணி குடேன்" என்றாள். சின்னப் பிள்ளைக் குரல். மாணிக்கராஜ் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்து பார்த்தார்கள். செத்தவள் பிடித்துக்கொண்டாள் என்று ஒரே பேச்சாக முடிவு கட்டிவிட்டார்கள். அப்போது பதினொரு வயசுப் பிள்ளையாக இருந்த மகள் ஜெனிட்டாவைக் காரியாபட்டியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியூரிலிருந்து பேயோட்டுகிற ஒரு ஊழியக்காரரைக் கூட்டி வந்து வீட்டுக்குள்ளேயே மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். அதற்குள் மைக் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள், ஏனென்றால் நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் ஜெபக் கூட்டத்துக்கு வந்ததில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்தாலும் மைக் வேண்டும், எக்கோ வேண்டும். அதுவும் மைக் செட்காரர் வீட்டிலேயே மைக் இல்லாமல் ஜெபம் என்றால் ஊர் சிரிக்காதா? நல்ல மைக்காக இரண்டை எடுத்து மாட்டினார் மாணிக்கராஜ். ஒன்று ஊழியக்காரர் வாயில். இன்னொன்றை ஊழியக்காரரே ஞானபூரணியின் வாய்க்கு நேரே நீட்டி, "நீ யாரு? பேரச் சொல்லு!" என்று அதட்டினார். மாணிக்கராஜ் மூலையில் காதில் ஹெட்போனோடு மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கை வழக்கம்போல ரெக்கார்டைப் போட்டுவிட்டது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் வீறிட்டாள். ஒரே கூச்சல், ஒரே அழுகை, சுற்றி எட்டுப் பேரின் அல்லேலூயா. அதற்கு நடுவில், "நிறுத்துங்க, மைக்க நிறுத்துங்க" என்று ஒரு குரல் வந்தது. ஊழியக்காரர் துள்ளிவிட்டார். "பாத்தீங்களா! பிசாசுக்கு மைக் ஆகல! பிரதர், சத்தத்தக் கூட்டுங்க!" என்றார்.

மாணிக்கராஜ் கூட்டினார். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அவள் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா கேள்விப்பட்டு வந்து, எல்லோரையும் நாலு ஏச்சு ஏசி, காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார். மாத்திரை, படுக்கை, ஆறு மாதம். மெல்ல மெல்ல ஆள் தேறினாள். நர்ஸ் வேலையை விட்டுவிட்டுத் தையல் மிஷின் போட்டாள். அந்த மூன்று நாளைப் பற்றி அந்த வீட்டில் அப்புறம் யாரும் பேசவே இல்லை. பென் டிரைவ் மட்டும் தேதியோடு டின்னுக்குள் கிடந்தது.

போன வருசம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 'கருக்கல்' என்று ஒரு பேய்ப் படம் முன்னாடியே வந்து நன்றாக ஓடியிருக்கிறது. இது இரண்டாம் பாகம். சாத்தூருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டி செய்கிற ஆலையில், படப்பிடிப்பு. பிசாசு பிடித்த பெண் ஒருத்தி, அவளை அடைத்து வைத்த ஒரு ஷெட், அதுதான் கதை. ஸ்பீக்கர் வாடகைக்கு வேண்டும் என்று மாணிக்கராஜிடம் வந்தார்கள். மனுசருக்குத் தலைகால் புரியவில்லை. தியேட்டர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கல்யாணத்தன்றைக்கே சபையில் வாக்குக் கொடுத்தவர், இப்போது சினிமாவுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்திருந்தார். தியேட்டருக்குப் போகக் கூடாது என்றுதானே சட்டம், படப்பிடிப்புக்குப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

டைரக்டர் தருண்குமார், சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி போட்ட தம்பி. நடிகை தொண்டை கிழியக் கத்துகிறாள், தம்பிக்குத் திருப்தி இல்லை. "சத்தம் வருது, ஆனா பொய்யா இருக்கு" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த மாணிக்கராஜ் சும்மா இருந்திருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்திருக்கலாம்.

"அசல் வேற மாதிரி இருக்கும் தம்பி" என்றார்.

"நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"

"கேட்டதென்ன, எங்கிட்டயே இருக்கு."

சார் என்று கூப்பிட்டுவிட்டானே, அதற்கு மேல் அவர் எங்கே நிற்பார்? மறுநாள் காலையில் பிஸ்கட் டின்னைத் திறந்து, அந்தத் தேதியைத் தேடி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். டைரக்டர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க அந்தத் தம்பிக்குக் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை மாணிக்கராஜ் கண்ணால் பார்த்தார். பெருமையாக இருந்தது. ஆமாம், பெருமையாகத்தான் இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது.

"சார், யார் குரல் இது?"

"ஒரு அம்மா. இந்தப் பக்கத்து ஆளுதான்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே."

"அதுக்கு இப்ப வழி இல்ல தம்பி. செத்துப்போச்சு."

நாக்கு கூசாமல் சொன்னார். படத்துச் சவுண்ட் ஆள், யார் என்று அடையாளம் தெரியாதபடி குரலை மாற்றிவிடுவதாகச் சொன்னான். டைரக்டர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கி, "சார், டைட்டில்ல உங்களுக்கு நன்றி கார்டு போடுறோம்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, செத்துப்போன அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

படம் வெளியானது. தன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு மனுசரை விடவில்லை. உள்ளூரில் போனால் சபை ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று, ஸ்பீக்கருக்குக் காந்தம் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினார். மத்தியானக் காட்சி. தலையில் துண்டு, முகத்தில் கொரோனா காலத்து மாஸ்க். ஓர சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. பெயர்கள் ஓடின. 'நன்றி: மாணிக்கராஜ், சாத்தூர்.' இரண்டு நிமிடம் நின்றதுபோல இருந்தது அவருக்கு. நின்றது இரண்டு வினாடிதான். கண் கலங்கிவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி. ஷெட்டுக்குள் பெண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாள். வந்தது ஞானபூரணி. மாற்றவே இல்லை, பச்சையாக அப்படியே வைத்திருந்தார்கள். அதைவிட மோசம், இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் வித்தையில் ஊழியக்காரர் சத்தத்தையும் சுற்றி இருந்தவர்களின் அல்லேலூயாவையும் துடைத்து எடுத்துவிட்டு, அவள் குரலை மட்டும் தனியாகப் பிரித்திருந்தார்கள். ஒன்பது வருசமாகக் கூச்சலில் அமுங்கிக் கிடந்த ஒரு வார்த்தை தெளிவாக வெளியே வந்தது.

"ஏங்க... நிறுத்துங்க. ஏங்க..."

முன் வரிசையில் ஒருத்தன் எழுந்து, "பேய்க்குப் புருசன் இருக்கான்டா டோய்!" என்று கத்தினான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. விசில் பறந்தது.

மாணிக்கராஜ் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருசமாக அவரை அந்த வார்த்தையால்தான் ஒருத்தி கூப்பிடுகிறாள். காப்பிக்கு, குளிக்க, ரேசன் கடைக்கு, எல்லாவற்றுக்கும் ஏங்க. அதே இழுப்பு, கடைசியில் அதே சின்னத் தூக்கல். அன்றைக்கு மைக்கை நிறுத்தச் சொன்னது பிசாசு இல்லை, பொன்னுத்தங்கமும் இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த தன் புருசனைப் பார்த்து அவளே கேட்டிருக்கிறாள். அவர் சத்தத்தைக் கூட்டியிருக்கிறார். படம் முடியுமுன் எழுந்து வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் மூன்று சாத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது.

பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். ஞானபூரணி தியேட்டருக்குப் போக மாட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. சபையில் யாரும் போவதில்லை. நாலு வாரம் ஓடும், தூக்கிவிடுவான், அத்தோடு தொலையும். ஆண்டவரே, கொட்டகையைப் பாவம் என்று வைத்ததற்கு ஸ்தோத்திரம் என்று மனசாரச் சொன்னார். பாருங்கள், பாவம்கூட அவருக்குக் காவல் நிற்கப் போனது.

ஆனால் காலம் எங்கே இருக்கிறது! ஐந்தாம் வெள்ளிக்கிழமை படம் ஓடிடியில் வந்துவிட்டது. கொட்டகைக்குப் போகாத வீடுகளுக்கெல்லாம் கொட்டகை வந்து சேர்ந்தது. சபையிலும் அதற்குச் சட்டம் கிடையாது. டிவியில் வந்தால் அது சினிமா இல்லை, சும்மா பார்ப்பது. ஒரு வாரத்தில் அந்த 'ஏங்க... நிறுத்துங்க' ரீல்ஸ் முழுக்கப் பரவியது. பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்துப் பயல்கள் அப்படிக் கத்தினார்கள். புரோட்டாக் கடையில் சால்னா ஊற்றும்போது, "ஏங்க, நிறுத்துங்க" என்று ஒருத்தன் இழுக்க, கடையே சிரித்தது. மாணிக்கராஜ் பாதிப் புரோட்டாவோடு எழுந்துவிட்டார்.

கடையில் அவரோடு பத்து வருசமாக வேலை பார்க்கிற மாரிக்கண்ணனின் போன் ஒரு நாள் அடித்தது. "ஏங்க... நிறுத்துங்க. ஏங்க..."

"ஏலே, அத மாத்துலே!" என்று பாய்ந்தார்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கோவப்படுறீக? உங்க படம்ல! உங்க பேருல்லா போட்டிருக்கான்! நேத்துப் பாத்துட்டு நான்தான் ஜெனிட்டா பாப்பாவுக்குப் போன் அடிச்சுச் சொன்னேன். எம்புட்டு சந்தோசப்பட்டுச்சு தெரியுமா?"

மாணிக்கராஜ் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளை எழுத்தில் ஞானம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் மகளும் மருமகன் அகஸ்டினும் வந்து இறங்கினார்கள். ஆட்டுக்கறி, சோறு, ரசம், எல்லாம் தடபுடல். ஆசைப்பட்டது கறிக்கு இல்லை, படத்துக்கு. "மாமா பேரப் பெரிய டிவில பாக்கணும்" என்று அகஸ்டின் சாப்பிட்ட கையோடு ரிமோட்டை எடுத்தார். மாணிக்கராஜ், பேய்ப் படம் பார்ப்பது வேதத்துக்கு விரோதம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். "அதுல நன்றி வாங்குனவுக சொல்லுறாக பாரு" என்று ஜெனிட்டா சிரித்தாள். நெட் வேலை செய்யவில்லை என்றார். மருமகன் தன் போனிலிருந்து நெட்டைக் கொடுத்தார். கடைசி முயற்சியாகக் கைகழுவப் போவதுபோல வெளியே போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினார். டிவி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. போன வருசம் அவரே இழுத்துக் கட்டிய இன்வெர்ட்டர். நம்ம வீட்ல கரண்ட் போனதே தெரியக் கூடாது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அது.

திரும்ப உள்ளே வந்தபோது பெயர் வந்துவிட்டுப் போயிருந்தது. மகள் கைதட்டினாள். ஞானபூரணியும் சிரித்தாள். "சொல்லவே இல்ல பாத்தீகளா" என்றாள், முகத்தில் அவ்வளவு சந்தோசம். கையில் யாருடைய ரவிக்கையோ, ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டே பார்த்தாள். மாணிக்கராஜ் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை.

ஷெட் வந்தது. குரல் வந்தது.

அகஸ்டின் பயந்தவர்போல நடித்தார். ஜெனிட்டா குதித்து, அம்மாவின் பக்கம் திரும்பி, "இதாம்மா அந்த டயலாக்! ஊரே சொல்லிக்கிட்டு அலையுது!" என்று கண்ணை உருட்டி, கழுத்தைச் சாய்த்து, அம்மாவின் முகத்துக்கு நேராகவே அதைச் செய்து காட்டினாள். "ஏங்க... நிறுத்துங்க..." பிள்ளைக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அவள் காரியாபட்டியில் இருந்தாள், வீறிட்டுக் கிழிந்த அந்தக் குரலில் அம்மாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஞானபூரணியின் ஊசி துணியில் குத்தியபடி நின்றது. டிவியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கதவோரம் நின்றவரைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்தார். அந்த இடத்தில் தரை பிளந்தால் இறங்கிப் போயிருப்பார்.

"அத இன்னொரு தடவ வை" என்றாள் மகளிடம். வைத்தார்கள். முழுக்கக் கேட்டாள். "நல்லா வெளங்குது" என்று சொல்லிவிட்டு, ஊசியை உருவி டப்பாவில் குத்தி, அடுப்படிக்குப் போனாள். மகளும் மருமகனும் போகும்வரை காப்பி கொடுத்தாள், கறிக்குழம்பு ஊற்றிக் கொடுத்தாள், மருமகனிடம் பார்த்துப் போகச் சொன்னாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் கேட்டாள்.

"யாரு குடுத்தா?"

"நான்தான் ஞானம்."

"யாரு குரல்னு சொன்னீக?"

பொய் சொல்ல அவர் வாயில் இனி எதுவும் மிச்சமில்லை. "செத்துப்போன ஒரு அம்மான்னு சொன்னேன்."

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அந்த மூணு நாளும் நெனவு இருந்துச்சு" என்றாள். "பொன்னுத்தங்கம் கேட்டதும் தெரியும், நான் பேசுனதும் தெரியும். மருந்து வாசம் மாதிரி எம்மேல அந்தப் பிள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அத நான் தாங்கிக்கிட்டேன். அந்த மைக்குதான் தாங்கல. தெருவே கேக்குதேன்னு இருந்துச்சு. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

"பிசாசுன்னு சொன்னாகளே ஞானம். நான் என்னத்தக் கண்டேன்?"

"பிசாசு உங்கள ஏங்கன்னு கூப்பிடுமா?"

அவ்வளவுதான் அவள் கேட்டது.

அதற்கப்புறம் சண்டை இல்லை, அழுகை இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது, சட்டை துவைத்து வந்தது. ஏங்க மட்டும் வரவில்லை. "சாப்பாடு இருக்கு" என்பாள். "கேஸ்காரன் வந்திருக்கான்" என்பாள். யாருக்குச் சொல்கிறாள் என்றே தெரியாது, சுவரைப் பார்த்துச் சொல்வாள். முதல் இரண்டு நாள் மாணிக்கராஜ் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தார். அப்புறம் அதை மட்டும்தான் கவனித்தார். பிஸ்கட் டின்னை எடுத்து, அந்தப் பென் டிரைவை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டைரக்டருக்குப் போன் போட்டு, அந்தக் குரலை எடுத்துவிட முடியுமா தம்பி என்று கெஞ்சினார். "சார், அது இப்ப எங்க கையிலேயே இல்ல. உங்களால படம் எங்கேயோ போயிருச்சு சார், சந்தோசப்படுங்க" என்றார் தருண்குமார். மாணிக்கராஜ் போனை வைத்தார். ஊர் முழுக்க அவள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் மட்டும் கூப்பிடவில்லை.

ஐந்து வாரம் ஆயிற்று. அவமானத்தை ஒரு மனுசன் எவ்வளவு நாள் தனியாகச் சுமப்பான்? ஒரு முடிவுக்கு வந்தார். சபையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது. எங்கள் ஊர்ச் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்ல நேரம் விடுவார்கள். குடியை விட்டவன் சொல்வான், சுகம் கிடைத்தவள் சொல்வாள். முப்பது வருசமாக அவர்களுக்கெல்லாம் மைக் வைத்துக் கொடுத்தவர், தான் ஒரு நாளும் பேசியதில்லை. அன்றைக்குப் பேசுவது என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். எல்லோருக்கும் தெரியட்டும், காறித் துப்பட்டும், அப்போதாவது பாரம் இறங்கும் என்று நினைத்தார்.

பாருங்கள் அந்த மனுசரை! மன்னிப்பைக்கூட மைக்கில்தான் கேட்கத் தெரியும் அவருக்கு.

பாட்டு முடிந்தது. மாணிக்கராஜ் மிக்சரை விட்டு எழுந்து முன்னால் வந்தார். சபை ஆச்சரியமாகப் பார்த்தது. பழக்க தோசத்தில் மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சகோதர சகோதரிமாரே, நான் ஒரு பாவம் செஞ்சுட்டேன். என் மனைவி ஞானபூரணிக்கு ஒம்பது வருசத்துக்கு முந்தி..."

மூலைக்கு மூலை நின்ற நாலு ஸ்பீக்கரிலும் அவள் பெயர் எக்கோவோடு திரும்பி வந்தது. பெண்கள் பக்கம் பாயில் மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

"ஏங்க."

பின் வரிசையில் பயல்கள் களுக்கென்று சிரித்தார்கள், படத்தில் வருகிற மாதிரியே அம்மா செய்கிறார்களே என்று. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவரை மட்டும் பார்த்தாள்.

"மைக்க நிறுத்துங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஐந்து வாரமாக அந்த ஏங்கவுக்காகத்தான் மாணிக்கராஜ் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். பாஸ்டர், "பேசுங்க பிரதர், நிறுத்தாதீங்க" என்று அவருக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

மாணிக்கராஜ் மைக்கிலிருந்த சுவிட்சைக் கீழே தள்ளினார். நாலு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் செத்தன. அவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தார். ஞானபூரணியும் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.